பலாலிக்கு எவ்வளவு தூரம்?

சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே விமானம் பறக்க அனுமதி தருகிற, அட்டவணை போடுகிற, நிலையங்களை நடத்துகிற இரு நாட்டு அதிகாரிகளுக்கும் நிறுவனத்தாருக்கும்,

வணக்கம்.

எனக்குச் சொந்த ஊர் மதுரை. மனைவிக்கு யாழ்ப்பாணத்து உரும்பிராய். குடியிருப்பது சென்னை வளசரவாக்கத்தில். விடுமுறை வந்தால் யார் வீட்டுக்குப் போவது என்று எல்லா வீட்டிலும் நடக்கிற பேச்சு எங்கள் வீட்டிலும் நடக்கும். நான் பல வருடமாக ஒரே வாதத்தை வைத்து ஜெயித்துக்கொண்டிருந்தேன்: “மதுரை பக்கம், யாழ்ப்பாணம் தூரம்.” ஒருநாள் மகள் பள்ளிக்கூட வேலைக்காகக் கணினியில் வரைபடத்தைத் திறந்து வைத்திருந்தாள். சும்மா இருக்காமல் மீனம்பாக்கத்திலிருந்து இரண்டு ஊருக்கும் கோடு போட்டு அளந்து பார்த்தாள். மதுரை விமான நிலையம் ஏறக்குறைய 415 கிலோமீட்டர். யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கிற பலாலி 355. என் வாதம் அன்றோடு செத்தது.

அறுபது கிலோமீட்டர் குறைவு. மீனம்பாக்கத்திலிருந்து காஞ்சிபுரம் போகிற தூரம். என்னைப் பெற்றவளின் ஊரைவிட என் மாமியாரின் ஊர் சென்னைக்குப் பக்கம் என்பதை ஜீரணிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. இடையில் ஒரு கடலும் ஒரு நாட்டு எல்லையும் கிடப்பதால் மனசு தானாகவே தூரத்தைக் கூட்டிப் போட்டுக்கொள்கிறது போலிருக்கிறது.

நான் அச்சகம் ஒன்றில் கணக்கு எழுதுகிறவன். ஒரு எண் உதைத்தால் அது எங்கே உதைக்கிறது என்று பார்க்காமல் தூக்கம் வராது. இந்த மடலும் அப்படிப் பார்த்ததுதான். போன தடவை உரும்பிராய்க்குப் போனபோது என் வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து மாமி வீட்டுப் படலையைத் திறந்தது வரை நேரத்தைக் குறித்துக்கொண்டே போனேன். மொத்தம் ஏழு மணி நேரம். அதில் விமானம் ஆகாயத்தில் இருந்தது 58 நிமிடம். ஏழில் ஒரு பங்கு. மீதி ஆறு மணி நேரம் தரையில் போனது.

முதல் பயணத்தில் நடந்த அசட்டுத்தனத்தைச் சொன்னால் உங்களுக்கு விஷயம் புரியும். டிக்கெட் போட்ட கையோடு ஒரு பயண இணையதளத்தில் “சென்னை – யாழ்ப்பாணம், தூரம், நேரம்” என்று தேடினேன். 57 நிமிடம் என்று போட்டிருந்தது. அன்றிரவு மாமி போனில் கேட்டார்: “தம்பி, பிளேன் எத்தனை மணித்தியாலம்?” நான் பெருமையாக, “ஒரு மணித்தியாலம்கூட இல்லை மாமி, 57 நிமிஷம்” என்றேன். அவர் அதை அப்படியே வைத்துக் கணக்குப் போட்டு, தெரிந்த ஓட்டோக்காரத் தம்பியைப் பலாலிக்கு அனுப்பிவிட்டார். அவர் வந்து நின்று, காத்து, யாரும் வெளியே வராததைப் பார்த்துவிட்டு வேறு சவாரிக்குப் போய்விட்டார். நாங்கள் வெளியே வந்தபோது வாசலில் எங்களுக்கென்று யாரும் இல்லை. வீட்டில் சோறு ஆறிப்போயிருந்தது. அதைவிட, “57 நிமிஷம் எண்டு சொன்னீங்களே” என்று மாமி ஒருமுறைதான் சொன்னார், எனக்குப் பத்து முறை சொன்னதுபோல் இருந்தது.

அந்த 57 எங்கிருந்து வந்தது என்று அப்புறம் உட்கார்ந்து பார்த்தேன். இப்படிப்பட்ட தளங்கள் பெரும்பாலும் அட்டவணையைப் பார்ப்பதே இல்லை. இரண்டு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்துப் பூமியின் வளைவின்மேல் நேர்கோட்டுத் தூரத்தைக் கணக்கிடும். எல்லா விமானமும் மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொண்டு வகுக்கும். ஏறவும் இறங்கவும் சேர்த்து அரை மணி நேரத்தைக் கூட்டும். 355ஐ 800ஆல் வகுத்தால் 27 நிமிடம். 27ம் 30ம் 57. இவ்வளவுதான் சங்கதி.

வேடிக்கை என்னவென்றால், அந்தத் தடத்தில் பறப்பது 800 கிலோமீட்டர் வேகத்தில் போகிற ஜெட் கிடையாது. ஏடிஆர் 72. இரண்டு பக்கமும் விசிறி சுற்றும், எழுபது எண்பது பேர் உட்காரும் விமானம். அதன் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவுதான். இல்லாத விமானத்தை வைத்துப் போட்ட கணக்கு, என் கைக்கடிகாரம் காட்டிய 58 நிமிடத்துக்கு ஒரு நிமிடம் பக்கத்தில் வந்து நிற்கிறது. வழியெல்லாம் தப்பு, விடை மட்டும் சரி. எங்கள் கணக்கு வாத்தியாராக இருந்தால் அரை மதிப்பெண்கூடக் கொடுத்திருக்க மாட்டார்.

விமான நிறுவனங்கள் போடுகிற நேரம் வேறு. ஒன்றே கால் மணி நேரம், அதற்குச் சற்று முன்பின். அது விமானம் நின்ற இடத்திலிருந்து அசைய ஆரம்பித்தது முதல், போய்ச் சேர்ந்த ஊரில் நிற்கிற இடத்தில் சக்கரம் நிற்பது வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முன்னால் நிற்கிற விமானங்களுக்கு வழிவிடுவது எல்லாம் அதில் சேரும். மீனம்பாக்கத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்பதைப் பொறுத்துக் கிளம்பும் திசையே மாறும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடல் பக்கமாகக் கிளம்பி அப்படியே தெற்கே திரும்பலாம். மேற்கிலிருந்து காற்று வரும் மாதங்களில் மேற்குத் திசையில் எழும்பி, பிறகு வளைந்து வரவேண்டும். நேர்கோடு என்பது வரைபடத்தில் மட்டும்தான்.

இந்த இரண்டு எண்களிலும் எனக்குக் குறையில்லை. பயணிக்கு வேண்டியது மூன்றாவது எண். அதை யாரும் எங்கேயும் போடுவதில்லை.

என் நோட்டுப் புத்தகத்தில் இருப்பது இது. வளசரவாக்கத்திலிருந்து மீனம்பாக்கம் முக்கால் மணி நேரம். சர்வதேசப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்கிறார்கள், வந்தோம். விமானம் ஒன்றே கால் மணி. பலாலியில் முத்திரை, பெட்டி, சுங்கம் எல்லாம் முடிய ஐம்பது நிமிடம். அனுபவப்பட்ட பிறகும் வாகனத்துக்காக நின்றது முக்கால் மணி. உரும்பிராய்க்கு இருபத்தைந்து நிமிடம். கூட்டிப் பாருங்கள், ஏழு மணி நேரம்.

இதை மதுரைப் பயணத்தோடு வைத்துப் பார்த்தால்தான் உறைக்கும். சென்னை – மதுரைத் தடத்திலும் இதே ஏடிஆர் வகை விமானங்கள் பறந்திருக்கின்றன. நானே போயிருக்கிறேன். வீட்டிலிருந்து முக்கால் மணி, நிலையத்தில் ஒன்றரை மணி, விமானம் ஏறக்குறைய ஒன்றேகால் மணி, பெட்டி எடுக்க இருபது நிமிடம், சிம்மக்கல் வீட்டுக்கு அரை மணி. நாலரை மணி நேரத்துக்குள் அம்மா கையால் காபி குடித்துவிடலாம். அறுபது கிலோமீட்டர் அதிகத் தூரம், இரண்டரை மணி நேரம் குறைவு. 1977இலிருந்து ஓடுகிற வைகை எக்ஸ்பிரஸில் போனாலும் மதுரைக்கு ஏழேகால், ஏழரை மணி நேரம்தான். அதாவது வைகை ரயிலில் மதுரைக்குப் போகிற நேரமும் விமானத்தில் யாழ்ப்பாணத்துக்குப் போகிற நேரமும் எங்கள் வீட்டைப் பொறுத்தவரை ஒன்று. ரயிலில் நடுவில் விழுப்புரத்தில் ஒரு டீயாவது கிடைக்கும்.

நன்றி மறந்து பேசுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். 2019க்கு முன்னால் இருந்த கதை எங்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போது உரும்பிராய் போக வேண்டுமென்றால் கொழும்புக்குத்தான் விமானம். மீனம்பாக்கத்திலிருந்து கட்டுநாயக்காவுக்கு நேர்கோடு போட்டால் சுமார் 645 கிலோமீட்டர். அந்தக் கோடு எதன்மேல் போகிறது தெரியுமா? கிட்டத்தட்ட யாழ்ப்பாணப் பட்டினத்தின் தலைக்கு மேலேயே போகிறது. சென்னை, யாழ்ப்பாணம், கொழும்பு மூன்றும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில் மேலும் கீழுமாக இருக்கின்றன. மேகம் இல்லாத நாளில் மனைவி ஜன்னலில் நெற்றியை ஒட்டவைத்துக்கொண்டு கீழே பார்ப்பாள். கடலேரி தெரியும், தீவுகள் தெரியும். “அங்க பாருங்கோ, ஊர்” என்பாள். ஊரைத் தாண்டி இன்னும் 290 கிலோமீட்டர் தெற்கே போய் இறங்கி, அங்கிருந்து ராத்திரி பஸ் பிடித்து, வவுனியா, கிளிநொச்சி வழியாக அதே தூரத்தைத் தரையில் திரும்பி வரவேண்டும். பஸ்ஸுக்கு மட்டும் ஏழெட்டு மணி நேரம். ஒரு ஊருக்குப் போக அந்த ஊரின் மேலேயே பறந்து தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வருவதற்குத் தமிழில் ஏதாவது பழமொழி இருக்க வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பது இதற்குப் போதாது.

ஆகவே 2019 அக்டோபர் 17 அன்று பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரோடு திறக்கப்பட்டு, சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் விமானம் வந்து இறங்கியபோது எங்கள் வீட்டில் பால் பாயசம் வைத்தோம். நவம்பரில் வழக்கமான சேவை தொடங்கியது. நாலே மாதத்தில் கொரோனா வந்து அதை நிறுத்தியது. 2022 டிசம்பரில் திரும்ப ஆரம்பித்தார்கள். 2024 செப்டம்பரில் இண்டிகோவும் வந்தது. 2025 மார்ச் கடைசியில் திருச்சியிலிருந்தும் ஒரு விமானம். திருச்சிக்கும் பலாலிக்கும் இடையே ஆகாயத்தில் 180 கிலோமீட்டர் சொச்சம்தான். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பலும் விட்டார்கள், நடுவில் நின்று அடுத்த வருடம் மறுபடி ஓடியது. கடலில் நாலு மணி நேரம். இதெல்லாம் சிறிய வேலை கிடையாது. செய்தவர்களுக்குக் கையெடுத்துக் கும்பிடு.

ஆனால் பலாலிக்குச் சென்னை விமானம் 2019இல் முதன்முதலாக வந்ததுபோல் பேசுகிறார்கள், அது சரியில்லை. அந்த ஓடுபாதை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப் படைக்காகப் போட்டது. ஏர் சிலோன் தன் முதல் விமானத்தை விட்டது 1947 டிசம்பர் 10ஆம் தேதி. கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறை என்று அன்று அழைக்கப்பட்ட இதே பலாலியில் இறங்கி, அப்புறம் சென்னை. அதாவது இலங்கையின் முதல் தேசிய விமான சேவை பறந்த முதல் வெளிநாட்டுத் தடமே நான் இந்த மடலில் பேசுகிற தடம்தான். ஓட்டியது டகோட்டா. அதன் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 355 கிலோமீட்டரை அது ஒன்றேகால் மணிக்கும் ஒன்றரை மணிக்கும் இடையில் கடந்திருக்கும். இத்தனை வருடத்தில் ஆகாயத்தில் நாம் மிச்சம் பிடித்தது இருபது, இருபத்தைந்து நிமிடம். தரையில் எத்தனை மணி நேரத்தைக் கூட்டினோம் என்பதை நீங்களே பாருங்கள்.

மனைவியின் அப்பா, நான் மாமா என்று கூப்பிட்டவர், ஐம்பதுகளின் கடைசியில் தாம்பரத்தில் கல்லூரியில் படித்தவர். டகோட்டாவில் ஏற அவர் வீட்டில் காசு இல்லை. போட் மெயிலில் வருவார். தலைமன்னாரில் கப்பல், தனுஷ்கோடியில் ரயில், எழும்பூரில் இறக்கம். அவர் இருந்தவரை அந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்லாத நாளில்லை. எனக்கு அதில் பிடித்தது ஒன்றுதான்: கப்பல் வரும் நேரத்துக்கு ரயில் காத்திருந்தது. கப்பலும் ரயிலும் வேறு வேறு ஊர்தி, இரண்டு நாடு, நடுவில் கடல். ஆனாலும் ஒன்று வராமல் மற்றது கிளம்பாதபடி ஒரே அட்டவணையில் இரண்டையும் கட்டிப் போட்டிருந்தார்கள். ஒரே டிக்கெட். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனது. பிறகு இராமேஸ்வரத்திலிருந்து கொஞ்ச காலம் கப்பல் ஓடியது, போர் வந்து அதுவும் போயிற்று. கப்பலுக்காக ரயிலை நிறுத்திவைத்த அந்தப் புத்தியை மட்டும் புயல் அடித்துக்கொண்டு போயிருக்க வேண்டியதில்லை.

நான் உங்களிடம் கேட்க வந்த முதல் விஷயம் அதுதான். பலாலியில் இறங்குவது எழுபது எண்பது பேர். அவர்கள் இறங்கும் நேரம் உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். விமானம் தாமதமானால் அதுவும் தெரியும். அந்த நேரத்தோடு கட்டிப் போட்ட ஒரு பஸ், விமானம் பிந்தினால் தானும் பிந்திக் கிளம்புகிற பஸ், யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் போகட்டும். உரும்பிராய், கோண்டாவில் எல்லாம் பலாலி வீதியில் வழியிலேயே இருக்கின்றன. அங்கே நிறுத்தினால் யாருக்கும் வலிக்காது. விமானத்துக்கும் பஸ்ஸுக்கும் ஒரே சீட்டு என்றால் இன்னும் நல்லது. அட்டவணையில் அந்தப் பஸ்ஸின் நேரத்தையும் போடுங்கள். என் கணக்கில் முக்கால் மணி நேரம் அங்கேயே மிச்சமாகிவிடும். மாமிக்கு ஓட்டோ தேடுகிற வேலையும் மிச்சம்.

இரண்டாவது, அந்த மூன்று மணி நேரம். முன்னூறு பேர் ஏறுகிற பெரிய விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் வா என்றால் புரிகிறது. எழுபது பேருக்கும் அதே மூன்று மணி நேரமா? பெட்டி போடும் கவுண்டர் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் மூடப்படும் என்று வைத்துக்கொண்டாலும், எழுபது பேரைப் பார்த்து அனுப்ப ஒன்றரை மணி நேரம் தாராளம். கடவுச்சீட்டு வேண்டாம், சோதனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எல்லை என்றால் எல்லைதான். ஆனால் சிறிய விமானத்துக்கு ஒரு தனி வரிசை, அதற்கென்று ஒரு நேரம், அதை டிக்கெட்டிலேயே தெளிவாக அச்சிட்டுத் தருவது முடியாத காரியமா? சிங்கப்பூருக்கும் ஜோகூர் பாருவுக்கும் இடையே நாலு கிலோமீட்டருக்கு ஒரு ரயில் பாதை போடுகிறார்கள். அதில் இரண்டு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையையும் ஏறுகிற இடத்திலேயே முடித்துவிடுவதாக ஏற்பாடு. இறங்குகிற ஊரில் நேரே வீட்டுக்கு நடக்கலாம். மீனம்பாக்கத்தில் இலங்கை அதிகாரி உட்கார்ந்து முத்திரை குத்துகிற காலம் என் ஆயுளில் வராது என்று எனக்குத் தெரியும். ஆனால் அப்படி யோசிக்கிற ஆட்கள் ஆசியாவில் இருக்கிறார்கள் என்பதற்காகச் சொன்னேன்.

அடுத்தது கொஞ்சம் கஷ்டமான விஷயம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பெரிய ஜெட் விமானங்கள் இறங்கும்படி பலாலி ஓடுபாதையை நீட்ட வேண்டும் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. அப்படிப் பேசுகிறவர்களில் சிலர், என் மச்சினன் உட்பட, “அப்பதான் கெதியா வந்து சேரலாம்” என்கிறார்கள். இந்த ஒரு காரணத்தை மட்டும் தயவுசெய்து பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஏனென்றால் 355 கிலோமீட்டரில் ஜெட்டுக்கு வேலையே இல்லை. ஜெட் தன் வேகத்தைக் காட்டுவது முப்பத்தைந்தாயிரம் அடிக்கு மேலே போன பிறகு. அந்த உயரத்துக்கு ஏறவே இருநூறு கிலோமீட்டர் போல ஆகும், இறங்க இன்னொரு இருநூறு. பலாலி வந்துவிடும். அதனால் இவ்வளவு குட்டித் தடத்தில் அது அந்த உயரத்துக்குப் போகாமலே பாதியில் சமன் செய்து திரும்ப இறங்கும். ஏடிஆர் பதினேழு, பதினெட்டாயிரம் அடியிலேயே சுகமாகப் போய்விடுகிறது. இரண்டுக்கும் ஆகாயத்தில் உள்ள வித்தியாசம் பத்து, பதினைந்து நிமிடம். சந்தேகமிருந்தால் உங்கள் விமானிகளையே கேளுங்கள்.

அந்தப் பத்து நிமிடத்துக்கு யாருடைய காணி போகும்? மாமி வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு குடும்பம் இருக்கிறது. வசாவிளான்காரர்கள். 1990இல் பலாலியைச் சுற்றியிருந்த ஊர்களிலிருந்து சனம் ஒரேயடியாக வெளியேறியபோது, நாலு நாளில் திரும்பிவிடலாம் என்று ஒரு பையோடு வந்தவர்கள். வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி உயர் பாதுகாப்பு வலயமானது. மயிலிட்டித் துறைமுகப் பக்கம் 2017 ஜூலையில்தான் மக்களிடம் திரும்பி வந்தது. இன்னும் வராத காணிகள் இருக்கின்றன. அந்த வீட்டுப் பெரியவர், விமானம் தலைக்கு மேலே இறங்கும் சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்ப்பார். “எங்கட தோட்டத்துப் பக்கமாத்தான் போகுது” என்பார். வேறொன்றும் சொல்ல மாட்டார். பெரிய விமானம் வந்தால் இருக்கை கூடும், கட்டணம் குறையலாம், இன்னும் தூர ஊர்களுக்கு வழி திறக்கும். அதெல்லாம் நியாயமான வாதங்கள், காணிக்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். நேரம் மிச்சமாகும் என்று அவர்களிடம் சொல்லாதீர்கள். அந்த நேரம் ஓடுபாதையில் இல்லை, வரிசையிலும் வாசலிலும் கிடக்கிறது.

நேரம் என்றதும் ஒரு கிளைக்கதை. 1996இல் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இலங்கை தன் கடிகாரத்தை முதலில் ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது, அப்புறம் அதில் அரை மணியைக் குறைத்தது. 2006 ஏப்ரல் 15 வரை சென்னைக்கும் கொழும்புக்கும் அரை மணி வித்தியாசம் இருந்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய நேரமே நடந்தது. ஒரே தீவுக்குள் இரண்டு நேரம். அந்தப் பத்து வருடத்தில் மனைவி வீட்டுக்குப் போன் செய்யும்போதெல்லாம் “உங்கட நேரமா, எங்கட நேரமா, பழைய நேரமா?” என்று கேட்டுக்கொண்டுதான் பேச்சையே ஆரம்பிப்பார்களாம். இப்போது மீனம்பாக்கத்துக் கடிகாரமும் பலாலிக் கடிகாரமும் ஒரே நேரம் காட்டுகின்றன. இறங்கியதும் கடிகாரத்தைத் திருப்பாமல் இருப்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது மனைவிக்குத் தெரியும்.

இந்த விமானத்தில் எனக்குப் பிடித்ததையும் சொல்லாவிட்டால் மனசு கேட்காது. ஏடிஆருக்கு இறக்கை மேலே இருக்கிறது, ஜன்னலுக்குக் கீழே எதுவும் மறைக்காது. போகும்போது வலப்பக்கம் உட்காருங்கள். புதுச்சேரி, கடலூர், காரைக்கால், நாகப்பட்டினம் என்று கரை முழுக்கக் கூடவே வரும். கோடியக்கரையில் கரை சட்டென்று மேற்கே மடங்கிப் போய்விடும். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் வெறும் தண்ணீர். பாக்கு நீரிணை. வல்வெட்டித்துறைக்காரர்கள் சாயங்காலம் வள்ளத்தில் கிளம்பி வேதாரண்யம் பக்கம் வந்து எம்ஜிஆர் படம் பார்த்துவிட்டு விடிவதற்குள் வீடு திரும்பிவிடுவார்கள் என்று மாமா ஒரு கதை சொல்வார். அரைவாசி கப்சா என்று நினைத்திருந்தேன். மேலேயிருந்து அந்தத் தண்ணீரின் அகலத்தைப் பார்த்த பிறகு முக்கால்வாசி நம்பிவிட்டேன். ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து முடிப்பதற்குள் எதிர்க்கரை வந்துவிடுகிறது, பனைமரங்களோடு.

மூன்றாவதாக நான் கேட்பதற்குக் காசே செலவில்லை. உங்கள் அட்டவணையிலும், அதைப் பார்த்து எழுதுகிற இணையதளங்களிலும், 57 நிமிடம், 1 மணி 15 நிமிடம் என்பதற்குப் பக்கத்தில் இன்னொரு வரி போடுங்கள்: நிலையத்துக்கு வந்து சேர வேண்டிய நேரம், போன ஊரில் பெட்டியோடு வெளியே வர வழக்கமாக ஆகிற நேரம். இரண்டையும் கூட்டி ஒரு எண். உங்களிடம் தினமும் அந்தக் கணக்கு இருக்கும், எந்தப் பயணி எப்போது உள்ளே வந்தார், கடைசிப் பெட்டி எப்போது வந்தது என்பதெல்லாம். அதை வெளியில் எழுதிவைத்தால் அடுத்த வருடம் அதைக் குறைக்க வேண்டும் என்ற வெட்கமாவது யாருக்காவது வரும். கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், பேரேட்டில் ஏறாத செலவை எந்த முதலாளியும் குறைத்ததில்லை.

வருகிற நல்லூர்த் திருவிழாவுக்குப் போகிறோம். தேருக்கு முதல்நாள் போய் இறங்குவதாகத் திட்டம். என் அம்மாவும் மதுரையிலிருந்து கூட வருகிறாள், அவளுக்கு இதுதான் முதல் விமானம். சம்பந்தியம்மாவுக்கு ஒரு சுங்குடிச் சேலை எடுத்து வைத்திருக்கிறாள். திரும்பி வரும்போது பெட்டியில் புழுக்கொடியலும் மிளகாய்த்தூளும் ஏறும், எடை பார்க்கிறவர்கள் கொஞ்சம் பார்த்து நடந்துகொள்ள வேண்டும். நேற்று ராத்திரி மாமி போன் செய்தார். “தம்பி, உங்கட அம்மாவும் வாறா. சோறு சூடாக் குடுக்க வேணும். உலையை எத்தனை மணிக்கு வைக்க? சரியாச் சொல்லுங்கோ” என்றார். விசாரித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

அதைத்தான் உங்களிடம் விசாரிக்கிறேன்.

இப்படிக்கு,
உரும்பிராய் மருமகன்,
வளசரவாக்கம், சென்னை